கஸ்பாச்சோ: அடுப்பே பற்றவைக்காத ஸ்பானிஷ் தக்காளி சூப்

தக்காளி சூப் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஹோட்டல் கோப்பைதான். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கி, மேலே மிளகுத்தூள் தூவி, பொரித்த ரொட்டித் துண்டு நாலு மிதக்கவிட்டு, ஆவி பறக்க வரும். தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் ஜூலை மாதம் யாரும் அதைத் தொடமாட்டார்கள். செவில்லிலும் கோர்தோபாவிலும் கோடையில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அங்கே தக்காளி சூப் ஃப்ரிட்ஜிலிருந்து வரும். ஜாடியில் இருப்பதை கிளாஸில் ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார்கள். அதன் பெயர் கஸ்பாச்சோ. எதையும் வேகவைப்பதில்லை, தாளிப்பதில்லை. மிக்ஸியும் ஒரு வடிகட்டியும் இருந்தால் சமையலே தெரியாதவர்களும் செய்துவிடலாம்.

ஒரே ஒரு சிக்கல். வேகவைக்கும் குழம்பில் தக்காளி சுமாராக இருந்தாலும் வதக்கி, மசாலா சேர்த்து ஒப்பேற்றிவிடலாம். இதில் அந்த வழி கிடையாது. தக்காளி சப்பென்று இருந்தால் சூப்பும் சப்பென்றுதான் இருக்கும். எண்ணெய் மட்டமாக இருந்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் செய்முறையைவிடச் சாமான் வாங்குவதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். கஸ்பாச்சோ அதற்கும் முந்தியது. வயலில் வேலை செய்தவர்கள் காய்ந்துபோன ரொட்டி, பூண்டு, உப்பு மூன்றையும் மரக் கிண்ணத்தில் போட்டு இடித்து, ஆலிவ் எண்ணெயும் வினிகரும் விட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்தார்கள். வெயிலில் வேர்த்து விறுவிறுத்துப் போன உடம்புக்கு உப்பு, தண்ணீர், புளிப்பு, கொஞ்சம் மாவுச்சத்து. நம் ஊர் நீராகாரத்துக்கு அது ஒரு தூரத்துப் பங்காளி. தக்காளியும் குடைமிளகாயும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சூப்புக்கு உடம்பு தருவது இன்றைக்கும் அந்தப் பழைய ஆட்களான ரொட்டியும் எண்ணெயும்தான். “எண்ணெய் எதற்கு, டயட்டில் இருக்கிறேன்” என்று அதை விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது உப்புப் போட்ட தக்காளி ஜூஸ்.

என்னென்ன வேண்டும்

நாலு பேர் தாராளமாகக் குடிக்கும் அளவு இது.

- நன்றாகப் பழுத்த தக்காளி – 1 கிலோ
- வெள்ளரிக்காய் – பாதி (சுமார் 100 கிராம்)
- பஜ்ஜி மிளகாய் – 1, அல்லது பச்சைக் குடைமிளகாயில் கால் பாகம்
- பூண்டு – ஒரு சின்னப் பல்
- முந்தின நாள் ரொட்டி – 50 கிராம்
- எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் – 80 மில்லி
- வினிகர் – 2 மேசைக்கரண்டி
- உப்பு – ஒன்றரை தேக்கரண்டி
- குளிர்ந்த தண்ணீர் – தேவைப்பட்டால் மட்டும், அரை டம்ளருக்குள்

தக்காளியில் ஆரம்பிப்போம். நம் சந்தையில் பெரும்பாலும் இரண்டு ரகம் கிடைக்கும். பெங்களூர் தக்காளிக்குச் சதைப்பற்று அதிகம், தோல் தடிமன், புளிப்பு குறைவு. நாட்டுத் தக்காளியில் சாறு அதிகம், புளிப்பும் அதிகம், வாசனையும் தூக்கலாக இருக்கும். ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் என்று சத்தியம் செய்பவன் நான். கஸ்பாச்சோவுக்கு அது மட்டும் போட்டால் புளிப்பு கூடிவிடுகிறது. முக்கால் பங்கு பெங்களூர், கால் பங்கு நாடு என்று கலந்தால் சதையும் கிடைக்கும், வாசனையும் கிடைக்கும். எந்த ரகமானாலும் காம்புப் பக்கம் வரை சிவந்திருக்க வேண்டும். கடைக்காரர் “இன்னைக்கே செலவழிச்சிடுங்க” என்று தனியாக ஒதுக்கி விலை குறைத்துக் கொடுப்பாரே, அந்தப் பழம்தான் இதற்கு லாயக்கு. அழுகல், பூஞ்சை மட்டும் இருக்கக்கூடாது. பழுக்காத தக்காளிதான் கிடைத்தது என்றால் இரண்டு மூன்று நாள் வெளியிலேயே கூடையில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பதும் நின்றுபோகும், வாசனையும் போய்விடும்.

ஸ்பெயினில் இதற்குப் போடுவது நீளமான, தோல் மெல்லிய, காரமே இல்லாத ஒரு பச்சை மிளகாய். நம்மிடம் அதற்குக் கிட்டத்தில் வருவது பஜ்ஜி மிளகாய். விதையையும் உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பையும் சுத்தமாக எடுத்துவிடுங்கள். ஒரு துளி கடித்துப் பார்த்துக் காரம் இருந்தால் குடைமிளகாய்க்குத் தாவிவிடுங்கள். குடைமிளகாயை அளவாகப் போடுங்கள். கை தாராளமாகிவிட்டால் சூப் முழுக்க அதன் வாசனைதான் அடிக்கும்.

வெள்ளரிக்காயின் நுனியை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். கசந்தால் தூக்கிப் போடுங்கள், பரிதாபமே வேண்டாம். விதை முற்றியிருந்தால் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம்.

பூண்டு ஒரு பல் என்றால் ஒரு பல்தான். இது வேகாத பூண்டு, நேரம் ஆக ஆகக் காரம் ஏறும். பல்லை நீளவாக்கில் பிளந்து நடுவில் பச்சை முளை இருந்தால் நீக்குங்கள். மலைப்பூண்டாக இருந்தால் பாதிப் பல் போதும்.

ரொட்டி விஷயத்தில் நம் ஊர் பாக்கெட் ரொட்டி காலை வாரிவிடும், காரணம் அதில் இருக்கும் சர்க்கரை. மில்க் பிரெட் கூடவே கூடாது. பேக்கரியில் இனிப்பில்லாத, மேல்தோல் மொறுமொறுப்பான ரொட்டி கிடைத்தால் வாங்கி ஒரு நாள் காயவிடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, முந்தின நாள் பாண் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

இப்போது எண்ணெய். உலகத்திலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு ஸ்பெயின். அதில் பெரும்பங்கு அந்தலூசியாவில், குறிப்பாக ஹாயென் மாகாணத்தில் விளைகிறது. அந்தப் பக்கத்தின் பிரதான ரகம் பிக்குவல். லேசான கசப்பும், தொண்டையில் மிளகு போன்ற உறைப்பும் அதன் குணம். அர்பெக்கினா என்று எழுதிய பாட்டில் கிடைத்தால் அது சாந்தமான ரகம், முதல் முறை செய்பவர்களுக்குப் பயமில்லாதது. எதை வாங்கினாலும் லேபிளில் எக்ஸ்ட்ரா விர்ஜின், அதாவது ரசாயனம் சேர்க்காமல் பிழிந்து மட்டுமே எடுத்த முதல் தர எண்ணெய், என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடைகளில் பொரிப்பதற்கென்று மலிவாக விற்கும் போமஸ் எண்ணெய், பிழிந்த சக்கையிலிருந்து ரசாயனக் கரைப்பான் கொண்டு எடுத்துச் சுத்திகரித்தது. அதில் வாசனை எதுவும் இருக்காது, இதற்கு உதவாது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நல்ல எண்ணெயிலேயே 50 மில்லி போதும். சூப் கொஞ்சம் நீர்க்க வரும், அவ்வளவுதான்.

வினிகருக்கு அங்கே ஹெரெஸ் என்ற ஊரின் ஷெரி ஒயினிலிருந்து செய்து மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் பழக்கியதைத்தான் விடுவார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டிலோ ஆன்லைனிலோ தேடினால் கிடைக்கும், ஆனால் ஒரு சூப்புக்காக அலைய வேண்டாம். சாதாரண ஒயின் வினிகர் நல்ல மாற்று, ஆப்பிள் சைடர் வினிகரும் சரிதான். ஊறுகாய்க்கு விடும் வெள்ளை வினிகர்தான் வீட்டில் இருக்கிறதென்றால் ஒரு மேசைக்கரண்டியோடு நிறுத்துங்கள். எலுமிச்சை பிழிந்தால் கெட்டுப்போகாது, ஆனால் அது வேறு பானம்.

மிக்ஸி ஜாரை முகர்ந்து பாருங்கள்

ஸ்பானியர்களுக்கு வராத பிரச்சினை இது, நமக்கு வரும். காலையில் தேங்காய்ச் சட்னியோ சாம்பார்ப் பொடியோ அரைத்த ஜாரில் மல்லி, மிளகாய் வாசனை ஒட்டிக்கொண்டே இருக்கும். முக்கியமாக மூடியின் ரப்பர் வளையத்தில். வேகவைக்காத சூப் அதை அப்படியே இழுத்துக்கொள்ளும். ரப்பரைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். ஜாரில் வெந்நீரும் ஒரு கரண்டி சமையல் சோடாவும் விட்டுப் பத்து நிமிஷம் வைத்துக் கழுவினால் போதும். எல்லாமே பச்சையாகச் சாப்பிடப்போகிறோம் என்பதால் காய்களையும் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், கத்தியும் பலகையும் சுத்தமாக இருக்க வேண்டும்.

செய்முறை

முதலில் ஊறவைப்பது. தக்காளியின் காம்புக் கண்ணை நீக்கி நாலைந்து துண்டாக நறுக்குங்கள். தோல் உரிக்க வேண்டாம், கடைசியில் வடிகட்டத்தான் போகிறோம். வெள்ளரியைத் தோல் சீவி நறுக்குங்கள். மிளகாய், பூண்டு எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு, ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவிக் கையால் பிசறி வையுங்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமாக இருக்கட்டும். புளிப்புக்கு அலுமினியமும் பித்தளையும் ஆகாது. அரை மணி நேரத்தில் உப்பு காயிலிருந்து சாற்றை இழுத்து அடியில் சேர்த்துவிடும். ரொட்டியைப் பிய்த்து அந்தச் சாற்றில் அமுக்கி இன்னொரு பத்து நிமிஷம் வையுங்கள். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி அரைப்பவர்கள் உண்டு. கழுவிவிட்ட மாதிரிதான் வரும்.

அடுத்தது அரைப்பது. சாறோடு சேர்த்து இரண்டு தவணையாக அரையுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒரு நிமிஷம் ஓட்டி, அரை நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். நம் மிக்ஸி சீக்கிரம் சூடாகும், கூடவே ஜாரில் இருப்பதும் வெதுவெதுப்பாகும். வெதுவெதுத்த தக்காளியில் பச்சை வாசனை மாறிவிடும். மழமழவென்று அரைந்ததும் நிறுத்திவிடுங்கள்.

அரைத்ததை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். டீ வடிகட்டி இரண்டே நிமிஷத்தில் அடைத்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் வடிகட்டும் அளவுக்குக் கண் இருந்தால் சரியாக இருக்கும். தோலும் விதையும் மேலே தங்கிவிடும். அதில் ஒட்டியிருக்கும் சதை முழுவதும் இறங்கும்வரை விடாதீர்கள், சூப்பின் கெட்டித்தனமே அங்கேதான் இருக்கிறது. மிஞ்சும் சக்கையை எறிய வேண்டாம், மறுநாள் தக்காளித் தொக்கில் சேர்த்துவிடலாம்.

இனி எண்ணெய் சேர்ப்பது. இந்தச் சூப்பில் கைப்பக்குவம் என்று ஏதாவது இருந்தால் அது இங்கேதான். வடிகட்டியதை மறுபடி ஜாரில் விட்டு, மிக்ஸியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். மூடியின் நடுவில் உள்ள சின்னத் திறப்பின் வழியாக எண்ணெயை நூல் போல விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மேலே மஞ்சள் வட்டங்களாக மிதக்கும். நூலாக விட்டால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து சாற்றுக்குள் பரவும். ரொட்டியின் மாவுச்சத்தும் தக்காளியில் இயல்பாகவே உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளும் அந்தத் துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் பிடித்துக்கொள்ளும். நடப்பதை நேரிலேயே பார்க்கலாம்: பளிச்சென்ற சிவப்பு மெல்ல வெளுத்து, செம்பருத்தி நிறம் போய் ஆரஞ்சுக்குத் திரும்பும். ஜாரின் சத்தமும் சளசளப்பு குறைந்து கனமாகும். ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். ஓரத்தில் நீர் பிரிந்து வளையம் கட்டினால் இன்னும் கொஞ்சம் ஓட வேண்டும். விட்ட இடத்திலேயே மெத்தென்று நின்றால் தயார். நிறம் மாறிய பிறகும் முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், ஆலிவ் எண்ணெயின் கசப்பு வெளியே வந்துவிடும்.

வினிகரைக் கடைசியில், பாதி பாதியாக விடுங்கள். நாட்டுத் தக்காளி அதிகம் போட்டிருந்தால் ஒரு மேசைக்கரண்டியே போதுமானதாக இருக்கும். உப்புப் பார்த்து மீதியைச் சேருங்கள். குடிக்கக் கெட்டியாக இருந்தால் மட்டும் தண்ணீர்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. அரைத்ததும் குடித்துப் பார்த்து “இதுக்கா இவ்வளவு?” என்று கேட்காதீர்கள். அப்போது பூண்டு தனியாக, மிளகாய் தனியாக, வினிகர் தனியாகத் தெரியும். குளிர்ந்த பிறகுதான் எல்லாம் ஒன்றாகும், மிக்ஸி கிளப்பிய நுரையும் அடங்கும். குளிரில் நாக்குக்கு உப்பும் புளிப்பும் மந்தமாகத்தான் தெரியும். அதனால் பரிமாறுவதற்கு முன் இன்னொரு முறை ருசி பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் வினிகரும் கேட்கும். ஐஸ் கட்டியைச் சூப்பில் போடாதீர்கள், உருகி நீர்த்துப்போகும். விருந்தாளி வாசலில் நிற்கிறார் என்றால் பாத்திரத்தை ஐஸ் தண்ணீருக்குள் வைத்துக் கிளறுங்கள்.

கிளாஸில் குடிப்பதானால் அப்படியே. கிண்ணத்தில் கொடுப்பதானால் வெள்ளரி, குடைமிளகாய், தக்காளி, வெங்காயம், எண்ணெயில் வறுத்த ரொட்டி என்று எல்லாவற்றையும் கடலைப்பருப்பு அளவுக்குப் பொடியாக நறுக்கித் தனித்தனித் தட்டில் வைத்துவிடுங்கள். அவரவர் வேண்டியதைப் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு நாள் வரை ஃப்ரிட்ஜில் இருக்கும். பிரிந்திருந்தால் குலுக்கினால் சேர்ந்துவிடும்.

இடையில் ஏதாவது சறுக்கினால்

புளிப்பு தூக்கலாக இருந்தால் ஊறிய ரொட்டி இன்னும் ஒரு துண்டும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்து அரையுங்கள். ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டாலும் குற்றமில்லை. நீர்த்துப்போனாலும் ரொட்டிதான் மருந்து. பூண்டு நெற்றியில் அடித்தால் ஒரே வழி, இன்னும் நாலு தக்காளி அரைத்துச் சேர்ப்பது. கசப்புக்கு மருந்தில்லை. அடுத்த முறை வெள்ளரியையும் எண்ணெயையும் முன்கூட்டியே ருசி பாருங்கள்.

வெங்காயத்தை அரைத்துச் சேர்க்கலாமா என்று அந்தலூசியா வீடுகளிலேயே சண்டை உண்டு. என் கட்சி வேண்டாம் கட்சி. ஒரு ராத்திரி தாண்டினால் பச்சை வெங்காயத்தின் வாடை மற்றதையெல்லாம் அமுக்கிவிடுகிறது. சீரகத்தைச் சில வீடுகளில் பூண்டோடு வைத்து நசுக்கிப் போடுவார்கள், அது அங்கேயே உள்ள வழக்கம்தான். ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் நம் நாக்கு அதை ரசக் கணக்கில் சேர்த்துவிடும். கொத்தமல்லி, பச்சை மிளகாய், சாட் மசாலா என்று கை பரபரக்கத்தான் செய்யும். முதல் முறை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள்.

இதன் அக்கம்பக்கத்து சூப்புகள்

இது கைவந்துவிட்டால் கோர்தோபாவின் சல்மொரேஹோ இன்னும் சுலபம். வெள்ளரி, மிளகாய், தண்ணீர் எதுவும் கிடையாது. அந்த ஊரில் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, அது சொல்லும் அளவு இது: தக்காளி 1 கிலோ, ரொட்டி 200 கிராம், ஆலிவ் எண்ணெய் 100 கிராம், பூண்டு ஒரு பல், உப்பு 10 கிராம். தக்காளியை அரைத்து வடிகட்டி, அதில் ரொட்டியை ஊறவைத்து, பூண்டோடு அரைத்து, எண்ணெயை அதே நூல் கணக்கில் விட வேண்டும். கரண்டியால் வழித்துச் சாப்பிடும் பதம் வரும். மேலே பொடியாக நறுக்கிய அவித்த முட்டையும் ஹாமும் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி) போடுவார்கள். ஹாம் வேண்டாதவர்களுக்கு முட்டையே தாராளம். மாலகாவின் அஹோபிளாங்கோவில் தக்காளியே இருக்காது. தோல் நீக்கிய பாதாம், பூண்டு, ரொட்டி, எண்ணெய், வினிகர் சேர்த்துப் பால் போல அரைத்து, திராட்சை போட்டுக் கொடுப்பார்கள்.

“சூப்பை ஆற வைத்தாலே குடிக்கமாட்டேன், இதில் ஜில்லென்றா?” என்று வீட்டில் யாராவது முகம் சுளித்தால், அவர்களுக்கு மேற்கு ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதூரா பக்கத்துச் சூடான தக்காளி சூப்பைச் செய்து கொடுங்கள். ஆலிவ் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, குடைமிளகாய், ஒரு பிரிஞ்சி இலை போட்டு நிதானமாக வதக்குங்கள். தோல் உரித்த தக்காளியைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறி, தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவிடுங்கள். காய்ந்த ரொட்டியை மெல்லிசாக நறுக்கி மேலே அடுக்கி, அடுப்பை அணைத்து மூடிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் ஊறிவிடும். ஆளுக்கு ஒரு முட்டையைக் கொதிக்கும்போதே உடைத்து விடுவதும் உண்டு. அந்த ஊரில் இதற்குத் தொட்டுக்கொள்ள அத்திப்பழம் வைப்பார்கள். கேட்கும்போது விசித்திரமாகத்தான் இருக்கும், ஆனால் தக்காளிப் புளிப்புக்கு அந்தத் தித்திப்பு நன்றாகவே பொருந்துகிறது. அத்திப்பழம் கிடைக்காத மாதத்தில் விதையில்லாத திராட்சை வைத்தாலும் சரி.